சாமைக் குதிருக்குள் ஒரு பாட்டில்

புதூர்நாட்டில் செல்லியம்மாளைப் போல எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவள் இன்னொருத்தி இல்லை. ஆலங்காயத்தில் புளி விற்கப் போனால், எடை போடுவதற்கு முன் தராசைத் தூக்கி அடியில் பார்ப்பாள். அரசாங்கக் கக்கூஸ் கட்ட வந்தவர்கள் வீட்டுக்குக் கீழ்ச் சரிவில் குழி தோண்டச் சொன்னபோது, அங்கிருக்கும் தன் பலா மரத்தடி நிலத்தை வளைத்துப் போடத்தான் பார்க்கிறார்கள் என்று சண்டை பிடித்தாள். கடைசியில் கக்கூஸும் குழியும் அவள் சொன்ன மேட்டுக்கே போயின.

பிறகு வாசலுக்குக் குழாய் வந்தது. அந்தத் தண்ணீரில் மருந்து நாற்றம் அடிக்கிறது, என்னத்தைக் கலக்கிறார்களோ என்று அவள் ஊற்றுத் தண்ணீரையே குடித்து வந்தாள். தண்ணீரைச் சோதிக்க வந்த பஞ்சாயத்துப் பெண் அருணா, இரண்டையும் சோதனை மருந்து போட்ட தனித்தனிப் பாட்டிலில் பிடித்து வைத்தாள். மறுநாள் ஊற்றுத் தண்ணீர் மட்டும் கறுத்திருந்தது.

“கறுத்தா பீ கலந்திருக்குன்னு அர்த்தம்ங்க.”

“பாட்டில மாத்தி வச்சிட்டு இன்னா கதை வுடுற? எங்கிட்ட ஒண்ணு குடு.”

செல்லியம்மாள் தன் கையாலேயே ஊற்றில் பிடித்தாள். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று பாட்டிலைச் சாமைக் குதிருக்குள் புதைத்து, குதிரின் பக்கத்திலேயே படுத்தாள். காலையில் எடுத்துப் பார்த்தால் கரியாக இருந்தது.

“எந்த நாசமாப் போறவன் பண்ண வேல இது?”

கொடுவாளை உருவிக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள். அங்கே நின்று மேட்டை ஏறிட்டுப் பார்த்தாள். ஊற்றுக்கு நேர் மேலே ஒரே ஒரு கக்கூஸ்தான் இருந்தது. அதன் சுவரில், அரசாங்கப் பெயின்ட்டில், அவள் பெயர்.