சோபாக்காவின் ஒரே சட்டம்

பழைய சோபாவுக்குப் புதுத் துணி போட்டுத் தருகிறவளை எங்கள் தெருவே சோபாக்கா என்று கூப்பிடும். ஊசியை வாயில் கடித்துக்கொண்டே பேசுவாள். அவளுக்கு ஒரே சட்டம்தான்: "உறையைப் பிரிக்கும்போது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் எதிர்ல நிக்கணும். அப்புறம் அதைக் காணோம், இதைக் காணோம்னு என்கிட்ட வரக்கூடாது."

போன வாரம் கணக்கு வாத்தியார் வீட்டு சோபாவைப் பிரித்தாள். பஞ்சுக்குள்ளிருந்து ஒரு நோட்டுக்கட்டு விழுந்தது. வாத்தியார் பாய்ந்து எடுத்தார்.

"என்னோடதுதான்! நான்தான் வச்சேன், மறந்தே போச்சு."

மறந்துபோனவர் பாய்கிற வேகமா அது?

சோபாக்கா ஒரு நோட்டை உருவி வெளிச்சத்தில் பார்த்தாள். "சார், இந்த நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சுப் பல வருஷம் ஆச்சு."

வாத்தியார் முகம் தொங்கிப்போனது. அவர் மனைவி யோசித்தாள்.

"ஏங்க, இது செல்லுபடியான காலத்துலதானே, என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போக பஸ் காசுகூட இல்லைன்னீங்க?"

சோபாக்கா ஊசியில் நூலைக் கோத்தாள்.

"இதைக் குப்பையில போட்டுடவாம்மா?"

"வேண்டாங்க்கா. உள்ளயே வச்சுத் தைச்சிடுங்க. இனிமே தினமும் இவரு அது மேலதான் உட்காரணும்."