இஞ்சின் சூடு

நான் ஓட்டிய பள்ளி வேனில் இஞ்சின் என் இருக்கைக்குக் கீழேதான் இருந்தது. அதனால், இடது பாதம் வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது என்று மனைவி சொன்னபோது நான் அலட்டிக்கொள்ளவில்லை. "இஞ்சின் சூடுடி. டிரைவர் காலு பின்ன ஐஸ் மாதிரியா இருக்கும்?" என்றேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எனக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதங்களில் உணர்ச்சி குறைந்தும் நாளாகிவிட்டது. மனைவி அப்படிச் சொன்னதற்கு இரண்டு வாரம் முன்பு, பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெருமுனை நடைபாதையில் பெயர்ந்து கிடந்த கல்லில் கால் மடங்கியது. வலிக்கவில்லை. வலிக்காத காலை டாக்டரிடம் காட்டி என்ன சொல்வது? செருப்பு இறுக்கிப் பிடித்தது. வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனுக்கு லீவு. காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் ஒரு பாதத்தைத் தொட்டாள், பிறகு மற்றதை.

"இன்னிக்கு எந்த இஞ்சின் ஓடுச்சுங்க?" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரேயில் நடுப்பாதத்து எலும்புகள் உடைந்து, மூட்டுகள் விலகியிருந்தன. யாருடைய படத்தையோ மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று அங்கேயே சண்டை போட்டேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நரம்பு கெட்டதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் உடைந்த காலை மேலும் மேலும் மிதித்து உடைத்திருக்கிறேன். "ஒரு நாளைக்கு எத்தன தடவ கிளட்ச் மிதிப்பீங்க?" என்று கேட்டார். பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? இனியும் ஊன்றினால் பாதம் உருக்குலைந்து புண் வரும், காலையே எடுக்க வேண்டியும் வரலாம் என்றார். உள்ளே எலும்பு உடைவதால் வந்த அந்தச் சூடு தணிந்து இரண்டு பாதமும் ஒன்றுபோல ஆகும்வரை மாவுக்கட்டு.

ஐந்து மாதம் ஓடியது. ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும், நர்ஸ் சூடு பார்க்கும் கருவியை எடுப்பதற்குள் மனைவி கை வைத்துவிடுவாள். "இன்னும் சுடுது" என்பாள். கருவியும் அதைத்தான் சொல்லும்.

போன வாரம் அவள் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றித் தொட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. "இன்னா ஆச்சு, சொல்லேன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணாதாங்க இருக்கு."

கருவியும் ஒத்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கை இன்னும் என் இடது பாதத்தின் மேலேயே இருந்தது. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.