நெட் போடாத ஒரே படம்

கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு கலர் லேபில் நான் பிரிண்ட் போடும் வேலையில் இருந்தேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் போட்டோகிராபர்கள் கவுன்டரில் சாய்ந்துகொண்டு, விலை அதிகமான லென்ஸ் வாங்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். கல்யாண ஆல்பத்துக்குக் கையகலப் படம்தானே போடப்போகிறோம்? அதை யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறார்கள்? இப்படி அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காக்ஸ் டவுன் சில்வெஸ்டர் நினைவுக்கு வருவார். என் குரல் இறங்கிவிடும்.

சில்வெஸ்டர் அந்தப் பகுதி மாதா கோயில் ஆட்களுக்குப் படம் எடுப்பவர். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், சாவு, எதற்கும் அவர்தான். பிள்ளைகள் இல்லை. மனைவி பவுலின் பள்ளிக்கூட டீச்சர். சின்ன வயதில் அம்மை போட்டதில் பவுலினுக்கு இடது கன்னத்தில் குழிகள். விசேஷ நாட்களில் கணவரின் கேமரா பையைச் சுமந்துகொண்டு கூடவே வருவார். சில்வெஸ்டர் முன்னால் வேகமாக நடப்பார், பவுலின் பின்னால் வருவார்.

1993இல் சில்வெஸ்டர் துபாயிலிருந்த மச்சான் மூலம் ஜப்பான் லென்ஸ் ஒன்று வரவழைத்தார். அதன் பிறகு மனிதர் தரையில் நடக்கவில்லை. நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்து, சின்ன உருப்பெருக்கியை என் கண்ணில் திணிப்பார்.

"ரெசல்யூஷன் பாரு நாகேஷ். பாதர் அங்கியில பட்டன் தைச்ச நூலு தெரியுதா இல்லியா?"

"தெரியுதுணா. ஆனா அந்த நூல யாரு கேட்டா?"

"உனுக்கு சொன்னா புரியாது போ" என்று கோபித்துக்கொள்வார். மறுநாள் இன்னொரு நெகட்டிவோடு வந்து நிற்பார்.

ஒருநாள் கல்யாணப் பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டாள். "இன்னா சார் இது, போட்டோவா எக்ஸ்ரேவா? பொண்ணு மூஞ்சில பவுடரு திட்டு திட்டா நிக்குது. மாப்ள வீட்டுக்கு இத எப்டி காட்றது?" என்று அவள் போட்ட சத்தத்தில் சில்வெஸ்டருக்கு முகம் தொங்கிவிட்டது.

வழி கண்டுபிடித்தது பவுலின். தன் கல்யாணத்தன்று தலையில் போட்ட வெள்ளை நெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, வட்டமாக வெட்டி, லென்ஸின் முகப்பில் ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுத்தார். படத்தில் பெண்களின் முகம் வெண்ணெயாக வழுக்கியது. ஊரிலேயே நல்ல லென்ஸை வாங்கி அதற்கு முக்காடு போட்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான் சில்வெஸ்டரைக் கிண்டல் செய்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, பவுலினுக்கு வந்தது.

தன்னை எடுக்கும்போதும் பவுலின் விடமாட்டார். சில்வெஸ்டர் கேமராவைத் தூக்கினாலே, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "நெட்டு போட்டாச்சா?" என்பார். போட்டாச்சு என்ற பிறகுதான் கை இறங்கும்.

1999 மழைக்காலத்தில், ஸ்கூலிலிருந்து வந்த பவுலின் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் சொந்தங்கள் எல்லாம் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அந்த வட்டாரத்தில் அந்தப் படத்தை எப்போதும் எடுப்பவர் சில்வெஸ்டர் என்பதால், வேறு ஆளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. "போட்டோ?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். அவர் உள்ளே போய் கேமராவோடு வந்தார். கூட்டத்தோடு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பழகிப்போன விரல்கள் தாமாகவே நெட்டை எடுத்து லென்ஸில் கட்டின.

அந்தப் படத்தை நான்தான் பிரிண்ட் போட்டேன். தலைமாட்டில் கணவர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பவுலினின் முகம் பளிங்குபோல, ஒரு குழிகூட இல்லாமல் இருந்தது.

அதன் பிறகு சில்வெஸ்டருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் லேபுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். முதல் வருட நினைவு நாளுக்குக் கல்லறையில் பதிக்கப் படம் வேண்டும் என்று ஆரம்பித்தார். இருந்த படங்களையெல்லாம் கவுன்டரில் பரப்பினார்.

"இது எதுவும் பவுலின் இல்ல நாகேஷ். வேற யாரோ. அவ கன்னம் இப்டியா இருக்கும்? எனுக்கு அந்த குழியோட ஒரு படம் வேணும். ஒண்ணு போதும்."

பழைய நெகட்டிவ்களைப் பைபையாகக் கொண்டுவந்தார். இருவரும் வாரக்கணக்கில் தேடினோம். எல்லாவற்றிலும் நெட். கடைசியில் கல்பள்ளி கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறைத் திருநாளன்று எடுத்த சுருள் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் யாருக்கோ அனுப்ப எடுத்தது; செவ்வந்தி போட்டு அலங்கரித்த சமாதி. முகம் எடுக்காததால் அன்றைக்கு நெட் தேவைப்பட்டிருக்கவில்லை. ஓரத்தில், மதில் பக்கம், பையைப் பிடித்துக்கொண்டு பவுலின் நின்றிருந்தார். படத்துக்குள் விழுந்தது அவருக்கே தெரிந்திருக்காது.

அந்த மூலையை மட்டும் பெரிதாக்கினேன். குழிகள் தெரிந்தன. "பாத்தியா! லென்ஸ் வேணாம்னு சொன்னியே!" என்று சில்வெஸ்டர் என் முதுகில் அடித்தார். அவ்வளவு மாதத்தில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். இன்னும் பெரிசாக்கு என்றார். ஆக்கினேன்.

கண்கள் தெரிந்தன. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பவுலின் அவர்களைப் பார்க்கவில்லை, சில்வெஸ்டரின் முதுகு இருந்திருக்கக்கூடிய பக்கமும் பார்க்கவில்லை. தனியாக விடப்பட்டு, அதுவும் பழகிப்போன ஒரு முகம்.

சில்வெஸ்டர் வெகுநேரம் பார்த்தார். "நா அங்கயேதான இருந்தேன்" என்றார். "சமாதிய எல்லா பக்கமும் சுத்திச் சுத்தி எடுத்தேனே நாகேஷ். இவள ஒரு வாட்டி திரும்பிப் பாக்கல."

கல்லறையில் பதிக்க நெட் போட்ட படத்தையே கொடுத்தார். அவளுக்குப் பிடித்தது அதுதான் என்றார். பெரிதாக்கியதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நானும் கல்பள்ளிக்குப் போனேன். வழக்கமான வாடிக்கைக்காரர்கள் சில்வெஸ்டரைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். "இன்னிக்கி இல்லமா, வேற ஆள பாருங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். பவுலினின் சமாதி பக்கம் மதிலோரமாக, கேமரா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை நின்றார்.