ராமர் தடவாத அணில்

எங்கட ஆக்களுக்கு அணிலில ஒரு கண்மூடித்தனமான நம்பிக்கை. அணில் கடிச்ச கொய்யாப்பழம் எண்டா அடிபட்டுத் தின்னுவினம். ருசியில்லாததை அது தொடாதாம். ரொறன்ரோவுக்கு வந்து எத்தினை காலமாகியும் என்ர மனுசன் அதை விடேல்லை.

நான் அப்ப அஞ்சு மாசம். புளிப்பா ஏதும் வேணுமெண்டு அவரை நச்சரிச்சுக்கொண்டிருந்தன். ஒரு ஞாயிறு காலமை ஸ்காபரோ ஆத்தங்கரைக் காட்டுக்கை நடக்கப் போனம். மர நிழலில முழங்கால் உயரச் செடி ஒண்டு, குண்டுமணி மாதிரிச் சிவப்புப் பழம் கொத்துக் கொத்தா. மரத்தால இறங்கி வந்த சின்னச் செந்நிற அணில் ஒண்டு அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கொறிச்சுக்கொண்டிருந்தது.

"இஞ்சேரும், அணிலே தின்னுது!" எண்டு இவர் குனிஞ்சு ஆயத் தொடங்கிட்டார்.

"விசரே உங்களுக்கு? உதின்ர முதுகைப் பாருங்கோ, ஒரு கோடுகூட இல்லை. ராமர் தடவாத அணிலை ஆரும் நம்புவினமே?"

நான் சொல்லி முடிய முந்தி ஒரு பிடி வாய்க்குள்ள போயிட்டுது. "சீ, கைக்குது" எண்டு துப்பினார். பாதி விழுங்கியாச்சு. கார் நிண்ட இடத்துக்கு வரமுந்தியே சத்தி எடுத்து, நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிலத்தில இருந்திட்டார். ஐயோ எண்டு கத்திக்கொண்டு அம்புலன்சுக்கு அடிச்சன். வயித்துப் பிள்ளையோட தனிச்சுப்போயிடுவனோ எண்டு விறைச்சுப்போனன்.

ஆஸ்பத்திரியில ஒரு தமிழ் டொக்டர் பிள்ளை என்னட்டைச் செடியின்ர அடையாளத்தை விசாரிச்சிட்டுச் சொன்னா: "அக்கா, அணில் உந்தப் பழத்தின்ர சதையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு விதையைத்தான் தின்னும். அதின்ர வயிறு தாங்கும். எங்களுக்கு இதயத்தையே நிப்பாட்டிப்போடும்."

உள்ளங்கைக்குள்ள அடங்கிற சீவன் கொறிச்சுப்போட்டு மரமேறிப் போகுது, ஆறடி மனுசன் வயர் பூட்டிக் கிடக்கிறார். அந்தச் செடியும் பாக்க எவ்வளவு வடிவு! கடவுளே, இதென்ன நியாயம்?

பின்னேரம் துடிப்புச் சீராகி இவர் கண் திறந்தார். எனக்குப் போன உயிர் வந்ததும் கோபமும் வந்திட்டுது. "அப்பிடியென்ன தீன் அவா? எனக்கு ஒண்டு வேணுமோ எண்டும் கேளாமல் எல்லாத்தையும் விழுங்கினீங்களே!"

"எல்லாம் நான் தின்னேல்லையப்பா," எண்டார் மெதுவா. "அணில் வாய் வச்ச நல்ல பழமெல்லாம் சேட்டுப் பொக்கெற்றில கிடக்கு. அது உமக்கெண்டு எடுத்து வச்சனான்."

கட்டில் கம்பியைப் பிடிச்சன். வயித்துக்குள்ள பிள்ளை உதைச்சுது.