பாலத்தின் நடுவில் செண்பகம்

செண்பகம் வேலை பார்த்த கம்பெனிக்குச் சொந்தமாக பஸ்கள் இருந்தன. அதில் ஒன்று தினமும் அவளுடைய ஊரான ஓடைமேட்டுக்கே வந்து, அவள் வீட்டுக்கு எதிரில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ்ஸில் அவள் ஏற முடியாது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் பஸ். செண்பகம் கான்ட்ராக்ட். ஆகவே பஸ் கிளம்புவதற்கு வெகு முன்பே அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். பாதி வழியில் அதே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவளை முந்திப் போகும்.

அது பழவேற்காடு ஏரியை ஒட்டிப் போகிற சாலை. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், மறுபக்கம் நெல் வயல். கார்த்திகை பிறந்தால் பூநாரைகள் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் சாலையோரத்தில் நிறுத்திவிட்டுப் படம் எடுப்பார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, விலை உயர்ந்த சைக்கிள்களில் கும்பலாக வருகிறவர்களும் உண்டு. எளாவூர் போய்ச் சேருவதற்குள் அந்தச் சாலை ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். அங்கேதான் பாலம். பழைய பாலம், குறுகல். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர். ஒரு பஸ்ஸும் ஒரு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் போக முடியுமா என்றால், போகலாம். போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

செண்பகம் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஓட்டக் கற்றவள். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது, கும்மிடிப்பூண்டி பஜாரில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து காத்திருந்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. அவளைப் பார்த்து சுகிர்தா வந்தாள். சர்ச் தெருப் பெண், கல்யாணம் ஆகாதவள், வாய் ஓயாமல் பேசுவாள். பிறகு இன்னும் நாலைந்து பேர். ஒரு வருஷத்தில் ஓடைமேட்டிலிருந்து சிப்காட்டுக்கு ஒரு சைக்கிள் கூட்டமே போக ஆரம்பித்துவிட்டது.

அந்த ஆனி மாதத்தில் ஒருநாள், செண்பகம் எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பாலத்தில் ஏறியபோது பின்னால் ஹாரன் கேட்டது. வழக்கம்போல் ஓரமாக ஒதுங்கினாள். பஸ் உரசினாற்போலப் போனது. இடித்ததா என்றால் இடிக்கவில்லை. ஆனால் அந்தக் காற்றே தள்ளியது. ஹேண்டில்பார் சுவரில் தேய்ந்தது, முன் சக்கரம் திரும்பியது, அவள் சுவர்மேல் போய் விழுந்தாள். சாப்பாட்டுப் பை தண்ணீருக்குள் போனது. கொஞ்சம் வேகமாக விழுந்திருந்தால் அவளும் போயிருப்பாள். பஸ் நிற்கவில்லை. டிரைவர் ரகுவுக்கு அவள் விழுந்ததே தெரியாது.

இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவன் கோபால் எளாவூரில் ஒரு லாரி ஷெட்டில் வெல்டராக இருந்தான். அவன் கட்டைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான்.

"வேலையே வாணாம், ஊட்ல கெட. நான் சம்பாரிக்கறது போதும்."

"நான் இன்னா சைக்கிள் ஓட்டத் தெரியாமயா உயுந்தேன்?" என்றாள் செண்பகம். "ரோட்ல போகத் தெரியாதவன் ஒருத்தன் பஸ் ஓட்றான். அதுக்கு நான் ஏன்யா ஊட்ல கெடக்கணும்?"

கோபால் மறுநாள் வளைந்துபோன ஹேண்டில்பாரை ஷெட்டுக்குக் கொண்டுபோய் நிமிர்த்திக்கொண்டு வந்து, சுவரில் சாய்த்து வைத்தான்.

கட்டு பிரிக்கும்வரை செண்பகம் திண்டாடினாள். கை வலியைவிட யோசனைதான் அதிகம். விழுந்த அந்த நொடியையே திரும்பத் திரும்ப மனசில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. தான் ஓரமாக ஒதுங்கியதால்தான் பஸ்ஸுக்கு இடம் இருப்பதுபோலத் தோன்றியது. ஒதுங்காமல் இருந்திருந்தால் ரகு பிரேக்கில் கால் வைத்திருப்பான். வேறு வழியே இல்லை அவனுக்கு.

மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு அவள் ஒரு முடிவோடு போனாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. பாலம் வரும் முன்பு சுகிர்தாவிடம் மட்டும் சொன்னாள்: "ஓரமா போவாத. என் பக்கத்துல வா. நடுவுலயே போலாம்."

"பஸ்சு வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா பின்னால வரட்டும்."

பாலத்தின் பாதியில் பஸ் வந்தது. ஹாரன். இன்னொரு ஹாரன். பிறகு கையை எடுக்காமல் ஒரே ஹாரன். சுகிர்தா, "அக்கா... அக்கா..." என்று முனகினாள். முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகத்தின் முதுகு முழுவதும் வியர்த்துவிட்டது. ஆனாலும் சக்கரம் நேராகவே போனது. பாலம் முடிந்த கையோடு இரண்டு பேரும் இடப்பக்கம் ஒதுங்கினார்கள். பஸ் சீறிக்கொண்டு முன்னால் போய் நின்றது. ரகு குதித்து இறங்கினான்.

"இன்னாம்மா, ரோடு இன்னா உங்க அப்பன் ஊட்டுதா? சாவணும்னு பாக்கறியா?"

"பாலம் முடிஞ்சதும் ஒதுங்கிட்டேனே அண்ணே."

"பாலத்துல ஒதுங்கறதுக்கு இன்னா?"

"போன தபா ஒதுங்குனேன். கை ஒடஞ்சுது. நீ பாக்கவே இல்ல, போய்க்கினே இருந்த." அவள் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். கட்டு பிரித்த இடம் வெளிறிப் போயிருந்தது.

ரகுவின் முகம் ஒரு கணம் மாறியது. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, "லேட் ஆவுது ரகு!" என்று கத்தினார்கள். அவன் ஏறிப் போய்விட்டான்.

அன்றைக்கே புகார் போனது. பஸ் தாமதமாகிறது, சைக்கிள் பெண்கள் வேண்டுமென்றே வழியை மறிக்கிறார்கள் என்று. மத்தியானம் செண்பகத்தை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மனிதவள அதிகாரி வரதன் கெட்டவர் இல்லை. தலைக்குமேல் வேலை, அவ்வளவுதான்.

"உங்களால பஸ் லேட்டாகி மிஷின் லைன் நிக்குதும்மா," என்றார். "ஷேர் ஆட்டோல வந்துடுங்களேன். எதுக்கு இந்த வம்பு?"

செண்பகம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு வரவில்லை. அங்கே நிற்கும்போதுதான் வாயில் வந்தது.

"சார், ரகு அண்ணன் ஒரே ஒரு தபா எங்க சைக்கிள்ல ஏறி ரோட்டோரமா நிக்கட்டும். வேற டிரைவர் யாராச்சும் பஸ்ஸ அவுரு ஓட்ற மாதிரியே ஓட்டட்டும். அப்பால அவுரே சொல்லட்டும். அவுரு இன்னா சொன்னாலும் நான் கேட்டுக்கறேன்."

வரதன் சிரித்துவிட்டார். ஆனால் ரகுவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவன் மீசையைத் தடவிக்கொண்டு, "இதுல இன்னா சார் கீது? நிக்கறேன்," என்றான்.

வார விடுமுறை நாளில் பாலத்துக்குப் பக்கத்தில் ஊரே கூடிவிட்டது. வெள்ளரிக்காய் விற்கிறவர்கூட வந்துவிட்டார். வரதன் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். இன்னொரு டிரைவர் விமல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்தான். ரகு பாலத்தின் மேலேயே நிற்பதாகச் சொன்னான். செண்பகம் ஒத்துக்கொள்ளவில்லை.

"வாணாம் அண்ணே. எனக்கு ஆன மாதிரி உனக்கு ஆவக் கூடாது. இங்க மணல் கீது. இங்க நில்லு."

பாலத்துக்கு முன்னால் சாலையோரம் மெத்தென்று மணல் கொட்டிக் கிடந்த இடத்தைக் காட்டினாள். ரகு அவள் சைக்கிளில் ஏறி, ஒரு காலை ஊன்றி நின்றான். கையைத் தூக்கி எல்லாருக்கும் டாட்டா வேறு காட்டினான்.

விமல் தூரத்திலிருந்து வந்தான். வழக்கமான வேகம், வழக்கமான ஹாரன், வழக்கமான இடைவெளி. பஸ்ஸின் பெரிய முகம் பக்கத்தில் வரவர ரகுவின் தோள் தானாகவே குறுகியது. பக்கவாட்டுத் தகடு அவன் காதை உரசினாற்போல ஓடியது. அப்புறம் அந்தக் காற்று. சைக்கிளோடு சேர்ந்து அவன் மணலில் சரிந்தான்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு விசிலும் சிரிப்பும் வெடித்தன. செண்பகம் சிரிக்கவில்லை. ஓடிப்போய் சைக்கிளைத் தூக்கி, அவன் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

ரகு மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். அப்புறம் விமலைப் பார்த்து, "திரும்பி வா. இந்த தபா வலது பக்கம் நல்லா ஒதுங்கி வா. ஹாரன் அடிக்காத," என்றான். மறுபடியும் ஏறி நின்றான். இந்த முறை பஸ் தள்ளிப் போனது. சைக்கிள் அசையவில்லை.

"உள்ள உக்காந்து பாத்தா எடம் ஏராளமா இருக்கற மாதிரிதான் சார் தெரியும்," என்றான் வரதனிடம். "கீழ நின்னாத்தான் தெரியுது. பாலத்துல இவங்க நடுவுலதான் போணும். நாங்கதான் பின்னால போணும்." பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பினான். "நெஜமா நான் பாக்கலம்மா. நீ உயுந்தத. பாத்திருந்தா நின்னிருப்பேன்."

"தெரியும் அண்ணே," என்றாள் அவள். அதுவரை தெரியாதுதான். அப்போது தெரிந்தது.

அதோடு விஷயம் முடியவில்லை. விமலுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. "விடிகாலையில பனி மூட்டத்துல நீங்க யாரும் கண்ணுக்கே தெரிய மாட்றீங்க. மூணு மூணு பேரா கத பேசிக்கினு வர்றீங்க. எங்களுக்கும் பேஜாரா கீது," என்றான். சுகிர்தா வாயைத் திறந்தாள். செண்பகம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் சொன்னது சரிதான். அடுத்த வாரத்தில் கோபால் லாரி ஷெட்டிலிருந்து மினுங்கும் சிவப்பு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து எல்லாச் சைக்கிளின் பின் மட்கார்டிலும் ஒட்டினான். ஊரில் இருந்த மற்ற சைக்கிள்களுக்கும் ஒட்டினான். வேண்டாமென்று சொன்னவர்களுக்கும் ஒட்டினான். அகலமான இடத்தில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இடப்பக்கம் போவது, பாலத்தில் இரண்டிரண்டாக நடுவில் போவது, பஸ் பொறுமையாகப் பின்னால் வருவது என்று வாய்ப்பேச்சிலேயே முடிவானது. வரதன் பஸ் கிளம்பும் நேரத்தைக் கொஞ்சம் முன்கூட்டி வைத்தார். லைன் நிற்கவில்லை.

ஒருநாள் காலையில் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது செண்பகம் தற்செயலாகத் தலையைத் திருப்பினாள். ஏரிமேல் வெயில் விழுந்து தகதகவென்று கிடந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவள் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. காது எப்போதும் பின்னாலேயே இருந்தது. "அடியே சுகிர்தா, இன்னா அழகா கீது பாருடி!" என்று கத்தினாள். பின்னால் பஸ்ஸில் ரகுவும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தானாம். அவனே பிறகு சொன்னான்.

பறவைகள் வந்தன. கூடவே கார்களும் வந்தன. தை மாதத்து ஞாயிறு ஒன்றில் கம்பெனியில் அவசர ஆர்டர் என்று எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். சாலையில் திருவிழாக் கூட்டம். பாலத்துக்கு முன்னால், பெண்களுக்குப் பின்னால் சென்னை சைக்கிள்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு போக, ஒரு வெள்ளைக் கார் அவர்களை நெருக்கிக்கொண்டு முந்தப் பார்த்தது. அவர்களில் முன்னால் வந்த பெண் பயந்து சாலையோர மணலில் சாய்வதைச் செண்பகம் திரும்பிப் பார்த்தாள்.

"ஓரத்துல போவாதீங்க!" அவள் குரல் ஏரி முழுவதும் கேட்டிருக்கும். "நடுவுல வாங்க! எங்ககூட சேந்துக்கோங்க! ரெண்டு ரெண்டு பேரா வாங்க!"

அவர்கள் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு வந்து சேர்ந்துகொண்டார்கள். சேலையும் சுடிதாரும் ஹெல்மெட்டும் கலந்து ஒரே வரிசையாகப் பாலத்தில் ஏறின. வெள்ளைக் கார் பாலத்துக்கு முன்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு இடம் தேடியது. அப்போது பின்னாலிருந்து கம்பெனி பஸ் முன்னேறி வந்து, சைக்கிள்களுக்கும் காருக்கும் நடுவே சுவர் மாதிரி புகுந்துகொண்டது. ரகு ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா நைனா அவசரம்? பாலம் முடியட்டும், எல்லாரும் போலாம். சைக்கிள் போற வேகம்தான் இங்க!"

அதற்குப் பிறகு ஹாரன் இல்லை. முன்னால் செண்பகம், அவள் பின்னால் சைக்கிள்கள், அதன்பின் பஸ், அதன்பின் வளைவு தாண்டியும் நீண்ட கார்கள். அத்தனையும் அவள் மிதிக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தன. தண்ணீரில் நின்ற பூநாரைகள் சத்தம் கேட்காததால் எழும்பவில்லை. கார்களின் கண்ணாடி ஒவ்வொன்றாக இறங்கியது. உள்ளே இருந்தவர்களும் அப்போதுதான் நிதானமாக வெளியே பார்த்தார்கள்.

பாலம் முடிந்தது. செண்பகம் இடது கையை உயர்த்தி அசைத்தாள். வரிசை முழுவதும் ஒற்றையாகி இடப்பக்கம் நகர்ந்தது. பஸ் தள்ளிப் போனது, கார்களும் அதேபோலத் தள்ளித் தள்ளிப் போயின. வெள்ளைக் காரும் அப்படித்தான் போனது. ஹெல்மெட் போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். செண்பகத்துக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே எளாவூர் வரைக்கும் மிதித்தாள்.

கம்பெனி கேட்டில் வருகைக் கார்டைத் தேய்க்கும்போது சுகிர்தா மூச்சு வாங்கக் கேட்டாள்: "நாளைக்கும் இப்டியே நீதான் முன்னால போவியா அக்கா?"

"நாளைக்கு நீ போடி," என்றாள் செண்பகம். "நான் பின்னால வந்து பறவ பாக்கறேன்."