தொட்டிலுக்கு வாங்கிய ஆணித் துவக்கு

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. கல்லடிக் கடற்கரைப் பக்கம் போனால் றஞ்சிதாவின் வீட்டை இன்றும் பார்க்கலாம். வாசல் கதவு கழன்று தொங்கும். ஆனாலும் அந்த வீட்டில் ஒருவரும் ஆணி அடிப்பதில்லை.

அப்போது அவளுக்கு ஏழு மாதம். முந்திய பிள்ளை தங்கவில்லை. இதாவது கைக்கு வரவேண்டும் என்று களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டு, இருமினாலும் பயந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் பிரதீசுக்கோ தொட்டில் ஆசை. ஃபோனில் வீடியோ பார்த்துத் தச்சுவேலை பழகுகிறவன் அவன்.

"வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில ஆணி அடிக்கப் போறியாடா?" அவன் தாய் புஸ்பம் சீறினாள்.

"சுத்தியலால அடிச்சாத்தானேம்மா குத்தம்? இது காத்தால அடிக்கிற மெஷின்."

புளியந்தீவில் அஸ்கரின் கடைக்குப் பிரதீசும் றஞ்சிதாவும் போனார்கள். அஸ்கர் காற்றால் ஆணி சுடும் துவக்கு இரண்டைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"பெரிசு கூரை மரத்துக்கு. பழகிற ஆளுக்குச் சின்னது போதும் தம்பி. மெல்லிய ஆணி, பலகை வெடிக்காது. மூக்கைப் பலகையில அமத்தினாத்தான் சுடும். காத்து இல்லாட்டி வெறும் இரும்பு."

மூலையில் பழசு ஒன்று கிடந்தது. பாதி விலை.

"அத நான் திறந்து பார்க்கல்ல. பிறகு வந்து ஏசப்படாது."

பிரதீஸ் அதைத்தான் எடுத்தான்.

பெட்டி மாதிரித் தொட்டில். காற்றை அடைத்துத் தள்ளும் கொம்பிரசர் இரைந்தது. டப்... டப்... ஆணிகள் அழகாக இறங்கின. றஞ்சிதாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. துவக்குக்குள் போட்ட ஆணிப் பட்டை குறையவே இல்லை.

"நல்ல சாமான் புள்ள, ஆணி மிச்சம்!" என்று சிரித்தான் அவன்.

பிறகு ஒரு நாள் உச்சி வெயில். கரண்ட் இல்லை. பிரதீஸ் வேலைக்கு, மாமி சந்தைக்கு. றஞ்சிதா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

டப்.

பக்கத்து அறையில்.

தேங்காய் விழுந்திருக்கும் என்று நினைத்தாள்.

டப்... டப்...

கரண்ட் இல்லாமல் கொம்பிரசர் ஓடாது. காற்றுக் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்ததும் அவள்தான்.

எழுந்து போனாள். கதவைத் தள்ளினாள்.

தொட்டிலின் வாயில் ஒரு பலகை. நான்கு பக்கமும் ஆணி இறுக்கி மூடியிருந்தது. மேலே துவக்கு. தொட்டாள். சுட்டது.

உள்ளே... ஏதோ புரண்டது.

அப்போதுதான் உணர்ந்தாள். வயிற்றில் பிள்ளை அசையவில்லை.

தட்டினாள். தடவினாள். அசைவே இல்லை.

குசினிக்கு ஓடினாள். கத்தியை எடுத்து வந்து பலகையை நெம்பினாள். நகம் பிய்ந்தது. விடவில்லை.

பலகை கிளம்பியது.

உள்ளே ஒன்றுமில்லை.

வயிற்றில் ஓர் உதை.

ஆண் பிள்ளை சுகமாகப் பிறந்தான். அவனை அந்தத் தொட்டிலில் போட அவள் சம்மதிக்கவே இல்லை. சேலையில் ஏணை கட்டித்தான் தூங்க வைத்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்ததும், துவக்கையும் மிச்ச ஆணிகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பிரதீசிடம் கொடுத்தாள். "கொண்டுபோய்க் குடுங்க. காசு தராட்டியும் பரவாயில்ல."

கடையிலிருந்து ஃபோன் வந்தது. அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"றஞ்சி... அஸ்கர் நானா இதக் கழட்டிப் பார்த்தாரு. உள்ளுக்கு ஆணிய அடிக்கிற கம்பியே இல்லயாம்."

"உடைஞ்சு போயிருக்குமா?"

"இல்ல புள்ள. முந்தியே ஆரோ கழட்டி எடுத்திருக்காங்களாம். அந்த இடம் முழுக்கப் பழைய துரு. இது நம்மட வீட்டில ஒரு ஆணியும் அடிச்சிருக்காதாம்."

"அப்ப தொட்டில ஆரு அடிச்ச?"



ஏணை ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஆட்டவில்லை. சேலையை விலக்கினாள். பிள்ளை விழித்துக் கிடந்தான். வலக்கையை இறுக்கிப் பொத்தியிருந்தான்.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

ஒரு மெல்லிய ஆணி.

சுட்டது.