வெர்லினைக் கேட்காமல் நிறுத்திய காப்பீடு

நெல்டா ஸ்டாம்பருக்கு மார்ச் மாதம் அறுபத்தைந்து வயது முடிந்தது. அமெரிக்காவின் டென்னசி மலையோரச் சிற்றூரில், வீட்டு முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டுப் பெண்களுக்கு முடி திருத்துகிறவள் அவள். கணவன் வெர்லின் பின்னாலுள்ள கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பான். சொந்தத் தொழில் என்பதால் காப்பீடு தர முதலாளி கிடையாது. அரசு மானியத்தில் ஒரு தனியார் காப்பீட்டை வாங்கி, இருவரும் ஒரே விண்ணப்பத்தில் இருந்தார்கள். வெர்லின் நான்கு வயது இளையவன். இன்சுலின் போடாமல் அவனுக்கு ஒரு நாளும் நகராது.

அறுபத்தைந்து வந்தால் மெடிகேர், முதியோருக்கான அரசுக் காப்பீடு. நெல்டா காலத்தோடு விண்ணப்பித்து அட்டையும் வாங்கிவிட்டாள். பழையதை நிறுத்தாவிட்டால் மானியத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று தெரியும். காப்பீட்டு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள். விண்ணப்பம் அவள் பெயரில் இருந்ததால் வெர்லினுடையதும் சேர்ந்து நின்றுபோனது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரி கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபோதுதான் தெரிந்தது.

மருத்துவமனைச் செவிலி மாதிரிக்கு வந்த இரண்டு இன்சுலின் ஊசிப் பேனாக்களைக் கொடுத்தாள். அவை தீர்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். நெல்டா தினமும் அழைத்தாள். தினமும் காத்திருக்க வைக்கும் அதே இசை, தினமும் வேறொரு குரல். நீங்களாக விட்டது, இனி நவம்பரில்தான் சேர முடியும் என்று எல்லாக் குரல்களும் ஒன்றுபோலச் சொல்லின. இன்சுலின் நவம்பர் வரை காத்திருக்குமா என்று அவள் கேட்டால் மறுபடி அதே இசையைப் போட்டார்கள்.

கடைசியில் ஒரு மேலாளர் கிடைத்தாள். அப்போது நாற்காலியில் முடியைச் சுருட்டையாக்க வந்த மாவிஸ் இருந்தாள். தலை முழுக்கக் குச்சி சுற்றி, நேரத்தோடு கழுவ வேண்டிய மருந்தும் ஊற்றியாகிவிட்டது. போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"அவர் தானா விலகலேன்னா திரும்பச் சேத்துடலாம் மேடம். ஆனா அதை அவரே சொல்லணும்."

நெல்டா கொட்டகைக்கு ஓடினாள். வெர்லினுக்குப் போன் என்றாலே ஆகாது.

"நீயே பேசிடேன். நான்தான்னு சொல்லு."

"என் குரல் உன் குரல் மாதிரியா இருக்கு? எழுந்து வா."

கையில் கிரீஸோடு வந்து நின்றான். காப்பீட்டை நிறுத்தச் சொன்னீர்களா என்று மேலாளர் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். நெல்டா வாயைத் திறந்தாள்.

"மேடம், நீங்க பேசக்கூடாது. சார்தான் சொல்லணும்."

"நெல்டா, என் தல எரியுது," என்றாள் மாவிஸ்.

"கொஞ்சம் எரியட்டும்."

வெர்லின் தொண்டையைச் செருமினான். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. இந்த வீட்டுல என்னை யாரும் எதுவும் கேக்கறதில்ல."

"அது போதும் சார். இந்த வருஷம் உங்களுக்கு எவ்வளவு வருமானம் வரும்?"

"அது நெல்டாவுக்குத்தான் தெரியும்."

"அவங்க சொல்லலாம். ஆனா நீங்க அனுமதி தரணும்."

வெர்லின் மனைவியைப் பார்த்தான். நெல்டா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றான்.

மாவிஸ் சிரித்ததில் இரண்டு குச்சிகள் உருவி விழுந்தன. அப்புறம்தான் அனுமதி கிடைத்தது. நெல்டா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். காப்பீடு வெர்லின் பெயரில் மறுபடி உயிர் பெற்றது. மாவிஸின் முடிதான் ஆட்டு ரோமமாகிவிட்டது.

இரண்டாவது பேனா தீர்வதற்கு முன்பே மருந்துக்கடையிலிருந்து அழைப்பு வந்தது. இப்போது காப்பீட்டுக்கு உரியவன் வெர்லின்தான் என்பதால் அவனே உள்ளே போனான். நெல்டா வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அவன் தப்பாக ஏதாவது உளறிவிடுவான் என்று தோன்றி ஒருமுறை கதவைத் திறந்தாள். பிறகு அவளே மூடிக்கொண்டாள்.